மூணு மேலுக்கு, ரெண்டு கீழுக்கு

பெட்டி அடுக்குவதில் செந்தமிழ்ச்செல்வியை அடித்துக்கொள்ளப் புதுச்சேரியில் ஆள் கிடையாது. நேரு வீதியில் ஒரு ரெடிமேட் கடையில் பதினெட்டு வருஷம் நின்று விற்றவள். கோடை விடுமுறைக்குக் கடல் பார்க்க வருகிற சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் மே மாத வெயிலில் ஜீன்ஸோடு வந்து இறங்குவார்கள். மறுநாள் காலையில் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு அவள் முன்னால் வந்து நிற்பார்கள். எதை வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, வாங்கியதை எப்படிச் சுருட்டி வைத்தால் கசங்காது என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவாள். ஒரே ஒரு குறைதான். அவள் பெட்டியோடு எங்கேயும் போனதில்லை.

"மூணு மேலுக்கு, ரெண்டு கீழுக்கு. அவ்ளோதான் மேடம், ஒரு வாரம் ஓட்டிடலாம்" என்பாள். "மேல எது எடுத்தாலும் கீழ ரெண்டோடயும் சேரணும். ஒண்ணோட மட்டும் சேர்றது துணியில்ல, சுமை." அவள் சொல்வதைக் கேட்டு, எடுத்ததில் பாதியைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வேறு கடையாக இருந்தால் இதற்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். கடை முதலாளியம்மா நல்ல மாதிரி. ஃபிரெஞ்சு நேஷனாலிட்டி, ஊரே மதாம் என்று கூப்பிடும். பாதியைத் திருப்பி வைத்தவர்கள் அடுத்த வருஷம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர் என்பதால் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த மதாம் ஒவ்வொரு ஜூலையும் பாரீஸ் பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவார். அந்த லீவுப் பயணத்துக்கு அவர் வாயில் வக்கான்ஸ் என்று பேர். அவருக்கும் பெட்டி அடுக்கிக் கொடுப்பது செல்விதான். ஒரு தடவை திரும்பி வந்தபோது, சக்கரம் ஒன்று கீச்சிட ஆரம்பித்த சின்ன நீலப் பெட்டி ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டார். அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவள், வாசலில் நின்றபடியே புருஷனைக் கேட்டாள்.

"பெட்டி வந்துடுச்சி. நமக்கு எப்பங்க வக்கான்ஸ்?"

புருஷன் ராமலிங்கம் அப்போது தட்டாஞ்சாவடியில் போல்ட் நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அதற்கு முன்னால் மில்லில் இருந்தார். மில்லை மூடிய பிறகு மூன்று வருஷம் எதுவுமில்லாமல் இருந்து, அப்புறம் கிடைத்த வேலை இது. ஒரே மகள் சுடர்விழியை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி என்ன, போக வேண்டியதுதானே என்று அவருக்கும் தோன்றியது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் கூட்டம் அதிகம் என்று சொல்லி ஏற்காட்டை முடிவு செய்தார்கள். சேலம் போய் மலை ஏறினால் ஆயிற்று. ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும், பனியில் டீ குடிக்க வேண்டும். செல்வியின் ஆசை இவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்றும் இருந்தது. அதுதான் பெரியது. கல்யாணத்துக்கு முன்னால் பாவாடை தாவணி, பின்னால் புடவை, கடைக்குப் போனால் கடை கொடுத்த சீருடைப் புடவை என்று இருந்தவள் அவள். இத்தனை வருஷம் உலகத்துக்கே குர்தி விற்றவள் ஒரு குர்தி போட்டதில்லை. "மலையில நம்மள யாரு பாக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டு தனக்கென்று எடுக்க ஆரம்பித்தாள். கடுகு மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் நீலப்பூ போட்டது ஒன்று, செங்கல் நிறத்தில் ஒன்று. கீழுக்குக் கருநீலப் பேன்ட் ஒன்று, வெளுக்காத கோரா நிறத்தில் தொளதொள பேன்ட் ஒன்று. எல்லாவற்றோடும் சேர்கிற மாதிரி ஒரே ஒரு துப்பட்டா. பஸ்ஸில் காற்றடித்தால் தலைக்கு, ஏரியில் வெயிலடித்தால் தோளுக்கு, உட்கார இடம் ஈரமாக இருந்தால் கீழே விரிக்க. மார்கழியில் ரோட்டோரம் ஸ்வெட்டர் விற்கிறவர்களிடம் ஒயின் கலரில் ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, ராமலிங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்து, ஆறு விதமாகவும் போட்டுக் காட்டினாள். கடைசியில் அந்த ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு, கத்தரி வெயிலில் கழுத்தெல்லாம் வேர்வை வழிய நின்றாள்.

"எப்படிங்க இருக்கு?"

"எல்லாம் நல்லாருக்கு."

"எல்லாம் நல்லாருக்குன்னா எதையும் பாக்கலன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ராமலிங்கம் சிரித்துக்கொண்டார். அவர் பாதி நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான்.

பஸ்ஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஊரிலிருந்து போன் வந்தது. ராமலிங்கத்தின் சொந்த ஊர் தவளக்குப்பத்தைத் தாண்டி உள்ளே. அங்கே அவருக்குப் பங்காளிகள் அறுபது தலைக்கட்டு. அதில் ஒரு பெரியப்பா மகன் மாரடைப்பில் போய்விட்டார். ராமலிங்கம் போய்த் தலை காட்டிவிட்டுத் திரும்பி, குளித்து முடித்து, துண்டோடு நின்றுகொண்டே சொன்னார்.

"இந்த வருஷம் வேணாம் செல்வி. பங்காளி தீட்டு. ஒரு வருஷத்துக்கு மல ஏறக் கூடாது."

செல்வி அவள் பிறந்த மரக்காணத்து வழக்கத்தைப் பற்றி என்னவோ சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். கொள்ளி வைத்தவர் அண்ணன் ராஜா. நாலாவது மாதம் ராஜா கூட்டாளிகளோடு வேன் பிடித்துத் திருப்பதி மலை ஏறினார். மலையில் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது வேன் கவிழ்ந்தது. அதில் ஏழு பேர் தப்பித்தார்கள், ராஜா ஒருத்தர்தான் போனார். "ஏறாதடா, ஏறாதடான்னு சொன்னனேடா" என்று அம்மா மண்ணில் புரண்டு அழுததை ராமலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து, தீட்டோடு மலை ஏறுவது என்ற பேச்சையே அவர் எடுக்க விடுவதில்லை. சாமி மலை, ஆசாமி மலை என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் இல்லை.

செல்வி பெட்டியைப் பிரித்து, துணிகளைப் பீரோவின் மேல் தட்டில் வைத்தாள். அடுத்த வருஷம் மாசியில் ஒரு சித்தி போனார். அப்புறம் கொரோனா வந்து உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்தது. அது முடிந்து வெளியே வந்து பார்த்தால் பங்காளிகளில் நாலு பேரைக் காணோம். அறுபது தலைக்கட்டு என்றால் வருஷத்துக்கு ஒரு சாவு என்பது கொடுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சாவெல்லாம் செல்வியின் பெட்டியைக் குறிவைத்தே வந்து விழுந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷம் எதுவும் நடக்காமல் மே மாதம் பிறந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. பஸ்ஸுக்கு முதல் நாள் சாயங்காலம், தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியாயி ஒருத்தர் காபியைக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"கெழவி இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்" என்றாள் செல்வி. சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கும் அவளே பெட்டியைப் பிரித்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குக் கால் வீங்கியது. சர்க்கரை அவளுக்குப் பத்து வருஷமாக உண்டு. நாள் முழுக்க நின்றே விற்பதால் கால் வீங்குகிறது என்று நினைத்து, ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். மூச்சு வாங்கி, படியேற முடியாமல் போய், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும் முடியும் நிலையில் இருந்தன. மழைக்காலத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்குப் போனால் பத்து மணி வரை மெஷினில்.

கடைக்குப் போவது நின்றது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அரை லிட்டர் பாட்டில் ஒன்றும் கொஞ்சமும் கணக்கு சொன்னார்கள். மெஷினோடு சேர்ப்பதற்காக இடது முன்கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது இருக்கிற வரைக்கும் நல்லது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ராமலிங்கம் தினம் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அவள் கையைத் தொட்டுப் பார்ப்பார். "ஓடுது" என்பார். "ஓடட்டும்" என்பாள் அவள்.

இன்னொன்றும் நடந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவளுக்குக் குளிர் தாங்காது. ஊரே மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் படுக்கிற காலத்தில் அவள் பல் கிட்டிப்போய் நடுங்குவாள். ஒரு நாள் போர்வையெல்லாம் போதாமல் ராமலிங்கம் பீரோவின் மேல் தட்டிலிருந்து அந்த ஒயின் கலர் ஸ்வெட்டரை எடுத்து வந்து போட்டுவிட்டார். அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மலைக்கு வாங்கிய ஸ்வெட்டர் அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை செய்தது.

போன மே மாதம் செல்விக்கு உடம்பு கொஞ்சம் தேவலையாக இருந்தது. ஒரு நாள் மெஷினில் படுத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணியவள், வெளியே வந்ததும் சொன்னாள்.

"சனிக்கெழம பத்து மணிக்கு விட்டுடறாங்க. அப்புறம் செவ்வாக்கெழம ஆறு மணிக்குத்தான். சனி சாயந்தரம் பஸ் ஏறினா ஞாயித்துக்கெழம பூரா ஏற்காடு. திங்கக்கெழம வந்துடலாம். பாத்தீங்களா, நடுவுல எவ்ளோ எடம் கெடக்கு!"

டாக்டரிடம் கேட்டார்கள். தண்ணீரில் ஜாக்கிரதையாக இருந்தால் போய் வரலாம் என்றார். அந்த வருஷம் அது வரைக்கும் பங்காளிகளும் நல்லபடியாக இருந்தார்கள். ராமலிங்கம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் இரண்டு சீட் போட்டார். இதை விட்டால் இனி இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

துணிகளை இறக்கினாள். எல்லாம் இரண்டு சைஸ் தொளதொளத்தன. உடம்பு அவ்வளவு இறங்கியிருந்தது. பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். இடது கையில் எதுவும் இறுக்கக் கூடாது என்பதால் மூன்று குர்தியிலும் இடது கையை மட்டும் பிரித்து, அகலப்படுத்தி, அது தெரியாமலிருக்க வலது கையையும் அதே மாதிரி ஆக்கினாள். இதற்கே நாலு நாள் ஆயிற்று. பெரிய செருப்பு, அரை லிட்டர் பாட்டில், மாத்திரை டப்பா, ராமலிங்கத்துக்கு இரண்டு சட்டை, ஒரு பேன்ட், ஒரு வேட்டி. குரங்குக் குல்லாய் ஒன்றை வைத்தாள், அவர் எடுத்துப் போட்டார், மறுபடி வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீலப் பெட்டி மூடியாகிவிட்டது. ஸ்வெட்டரை மட்டும் வெளியே வைத்திருந்தாள், சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தேவைப்படும் என்று.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ராமலிங்கத்தின் போன் அடித்தது. தவளக்குப்பத்திலிருந்து. பூங்காவனம் சித்தப்பா விடியற்காலையில் தவறிவிட்டார். மத்தியானமே எடுக்கிறார்கள்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் எழுந்து உள்ளே போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு?"

அந்த ஒரு சொல்லில் ஏழு வருஷம் இருந்தது.

"பூங்காவனம் சித்தப்பா."

"நல்ல மனுஷன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "போய்ட்டு வாங்க. எனக்கு மோரு ஒரு வாய் மட்டும் வெச்சிட்டுப் போங்க" என்றாள். அவளை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்து, ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, மோரை அளந்து வைத்துவிட்டு ராமலிங்கம் கிளம்பினார். கட்டிலுக்குக் கீழே நீலப் பெட்டி மூடியபடி இருந்தது. அவர் அதைப் பார்க்காமலே செருப்பை மாட்டினார்.

சுடுகாட்டில் கூட்டம் அதிகமில்லை. வெயில் அப்படி. பங்காளி வகையறாவில் எந்தச் சாவுக்கும் முன்னால் நின்று நடத்துகிற தாண்டவராயன் பெரியப்பாதான் அன்றைக்கும் நடத்தினார். எண்பதைத் தாண்டியவர். கொள்ளி வைத்துத் திரும்பி, எல்லாரும் மோட்டார் கொட்டகையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வெற்றிச்செல்வன் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தான். இறந்தவருக்கு அண்ணன் பேரன், கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை.

"தாத்தா, கொடைக்கானலுக்கு ரூம் போட்டுட்டோம். அடுத்த வாரம். மல ஏறக் கூடாதுன்னு அம்மா திட்டுது."

தாண்டவராயன் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கொள்ளி வெச்சது நீயா?"

"இல்ல தாத்தா, அவரு பையன்."

"அப்ப உனக்கென்னடா? ஒரு வருஷம் மல ஏறாம இருக்கறது கொள்ளி வெச்சவனுக்குடா. அவனுக்கும் சாமி மலதான். பங்காளிக்குப் பதினாறு நாளு தீட்டு. கோயிலு, கொளம், நல்லது கெட்டதுக்குப் போவாத, அவ்ளோதான். கொடைக்கானல்ல என்ன சாமியா கும்புடப் போற? போடா, பொண்டாட்டிய கூட்டிக்கினு போ."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ராமலிங்கம் சோப்புப் போட்ட முகத்தோடு நின்றார்.

"பெரியப்பா, இது நம்ம வழக்கமா?"

"நம்ம வழக்கம்தான்."

"எப்பலேர்ந்து?"

"எங்கப்பன் காலத்துலேர்ந்து. ஏன்டா?"

"பங்காளி யாரு செத்தாலும் ஏறலாமா?"

"எத்தினி தடவ சொல்றது? நீ எங்க வேணாலும் போ. உன்ன யாரு புடிச்சி வெச்சிருக்கா?" என்றார் தாண்டவராயன்.

ராமலிங்கம் தலையைத் துவட்டக்கூட இல்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு வரும் பழக்கம் கிடையாது, அது நல்லதாகப் போயிற்று. ஈர வேட்டியோடு வண்டியை எடுத்தார். மணி மூன்றரை. பஸ் ஆறுக்கு. அரியாங்குப்பத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி மூடியே இருக்கிறது. அவளை எழுப்பி, ஒரு வாய் சோறு கொடுத்து, அந்த மஞ்சளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஐந்தரைக்கு ஆட்டோ. முடியும். எல்லாம் முடியும்.

வீட்டுக்குள் வந்தபோது செல்வி கட்டிலில் ஸ்வெட்டரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீலப் பெட்டி அவள் பக்கத்தில் திறந்து கிடந்தது. உள்ளே அவருடைய இரண்டு சட்டையும் பேன்ட்டும் வேட்டியும் குரங்குக் குல்லாயும் மட்டும் இருந்தன.

"துணியெல்லாம் எங்க?"

"துர்காவுக்குக் குடுத்துட்டேன்."

துர்கா எதிர்வீட்டுப் பெண். ஐடி கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு மூன்று நாள் ஊட்டி போகிறாள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் வந்து, ஆன்ட்டி எத எடுக்கறது எத வுடறதுன்னே தெரியலன்னு ஒக்காந்துச்சி. பாத்தேன். அதுக்கு அளவா இருந்திச்சி. பீரோவுல தூக்கி வெக்க எனக்குத் தெம்பு இல்லங்க. ரெண்டு மணி வேனுக்குக் கெளம்பிடுச்சி."

ராமலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர், தாண்டவராயன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். ஒரு வருஷம்கூடத் தள்ளிப்போட்டிருக்க வேண்டாம், முதல் வருஷமே போயிருக்கலாம், கால் நன்றாக இருந்தபோதே போயிருக்கலாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். செல்வி ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்கப்பா செத்தப்ப அண்ணன்தான் கொள்ளி வெச்சான். எங்க பெரியப்பா பையன் அந்தத் தையிலயே பழனிக்குப் போய் மொட்ட போட்டுட்டு வந்தான். மரக்காணத்துக்கு ஒரு வழக்கம், தவளக்குப்பத்துக்கு ஒரு வழக்கமா? மொத வருஷமே சொன்னேன். உங்க ஊரு கதையெல்லாம் இங்க கொண்டாராதன்னீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. தோளில் துண்டு, கையில் சீப்பு, அப்படிச் சொல்லிக்கொண்டே தலை வாரியது வரைக்கும் ஞாபகம் வந்தது.

"திருப்பிச் சொல்லியிருக்கலாம் இல்ல? சண்ட போட்டிருக்கலாம் இல்ல செல்வி?"

"போட்டு? இழுத்துக்கினு போய், வர்ற வழியில உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா? உங்கம்மா மண்ணுல பொரண்டது மாதிரி நானும் பொரளவா? மல எங்கயும் போயிடாது. நீங்க போய்ட்டா நான் எங்க போவேன்?"

ராமலிங்கம் எழுந்தார். புடவையோடே வா, போகலாம், பஸ் ஆறு மணிக்குத்தான் என்றார். செல்வி அவரையே பார்த்தாள். அவருக்காக ஒரு தடவை காலைக் கீழே ஊன்றி எழுந்து நின்றும் பார்த்தாள். நின்றவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ரொம்பத் தண்ணி எடுத்துட்டாங்க. தல சுத்துது. அடுத்த சனிக்கெழம பாக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை மெஷினிலேயே அவளுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல். அதற்கப்புறம் இரண்டு பேரும் சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

ஊட்டியிலிருந்து வந்த துர்கா போட்டோ காட்டினாள். மஞ்சள் குர்தியும் கருநீலப் பேன்ட்டும் போட்டு ஒரு தேயிலைச் சரிவில் நின்றிருந்தாள். செல்வி போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, மலையை விட்டுவிட்டுத் துணியையே பார்த்தாள். "கழுத்து ஒரு இஞ்ச் எறங்கியிருக்கு. ஆனா அந்தப் பச்சைக்கு மஞ்ச எப்படி எடுப்பா நிக்குது பாத்தியா? நான் நெனச்சேன்" என்றாள். அன்று முழுக்க அவள் முகம் தெளிவாக இருந்தது. சமையல்கட்டுக்குள் போய்த் தட்டுகளைக் கழுவுகிற மாதிரி நின்று அழுதது ராமலிங்கம்தான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலையில், பல் விளக்குவதற்கு முன்னால், அவர் வழக்கம்போல அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். ஓடவில்லை.

மகன் இல்லாததால் கொள்ளியை ராமலிங்கமே வைத்தார். பதினாறாம் நாள் படையலுக்குச் சுடர்விழி அரக்கு நிறத்தில் புதுப் புடவை எடுத்து வந்தாள். வளையல், பூ, மஞ்சள் எல்லாம் வைத்தார்கள். படைக்கப் போகும் நேரத்தில் துர்கா ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். ஐந்து துணியையும் துவைத்து, இஸ்திரி போட்டு, துப்பட்டாவோடு கொண்டுவந்திருந்தாள். ராமலிங்கம் வாங்கிப் பிரித்துப் புடவைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். மேலுக்கு மூன்று, கீழுக்கு இரண்டு. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சுமங்கலியாகப் போனவளுக்குப் பேன்ட் வைத்துப் படைக்கிறதா என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். சுடர்விழி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதோடு நின்றது.

தாண்டவராயன் காரியமெல்லாம் முடித்து, திருநீறு பூசிவிட்டுச் சொன்னார்.

"ராமலிங்கம், கொள்ளி வெச்சவன் நீ. ஒரு வருஷத்துக்கு மல ஏறாத."

"சரிங்க பெரியப்பா" என்றார் ராமலிங்கம். அந்த விதி அவருக்கென்று சரியாக வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். ஏறுவதற்கு அவருக்கு இப்போது மலையே இல்லை.

எல்லாரும் போன பிறகு நீலப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் செய்கிற மாதிரி துணிகளைச் சுருட்டப் பார்த்தார். வரவில்லை. கையை உள்ளே மடக்கிவிட்டுச் சுருட்டுவாளா, சுருட்டிவிட்டு மடக்குவாளா என்று தெரியவில்லை. அகலப்படுத்திய அந்தக் கை மட்டும் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து விழுந்தது. ஏழு வருஷமாக அவர் கண்ணெதிரே, இதே கட்டிலில் வைத்துத்தான் அவள் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். அவள் அன்றைக்கே சொன்னாள், நீங்க எதையும் பாக்கல என்று.